கேரி கோல்மேனுக்கு உண்மையில் என்ன ஆனது? ஒரு மும்பை ஆடிட்டரின் பதில்

நீங்கள் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறீர்கள். கேரி கோல்மேன் என்ற அமெரிக்க டிவி குழந்தை நட்சத்திரம் கோடி கோடியாகச் சம்பாதித்துவிட்டு, கடைசியில் செக்யூரிட்டி வேலைக்குப் போனாராம், பெற்றோரே பணத்தைச் சுருட்டிவிட்டார்களாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தீர்களாம், இது உண்மையா என்பது ஒன்று. அப்புறம் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ஏழு வயது மகளை ஒரு இந்தி சீரியலுக்குக் கேட்கிறார்கள், ஷூட்டிங் கோரேகாவ் ஃபிலிம் சிட்டியில், வீடு முலுண்டில், என்ன செய்வது என்று. எனக்கென்னவோ இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது. மகள் கோல்மேன் மாதிரி ஆகிவிடுவாளோ என்பதைவிட, நாம் கோல்மேனின் அப்பா அம்மா மாதிரி ஆகிவிடுவோமோ என்பதுதான் உங்கள் பயம். நல்ல பயம். அதை விட்டுவிடாமல் மேலே படியுங்கள்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். செம்பூரில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக ஆடிட்டர் தொழில். சினிமாவுக்கும் எனக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. 2000-க்குப் பிறகு டெய்லி சோப் பெருகிய காலத்தில், என்னிடம் ரிட்டர்ன் போட வரும் ஒரு மேக்கப்மேன், தன் செட்டில் நடிக்கும் ஒரு பையனின் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனுக்கு ஒன்பது வயது. செக்கில் டிடிஎஸ் (பணம் தரும்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடித்திருக்கிறார்கள், அது என்ன, திரும்ப வருமா என்று அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. அங்கே ஆரம்பித்தது. இதுவரை முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் கணக்கைப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் நம் ஆட்கள்தான். மாட்டுங்கா, சயான், முலுண்ட், டோம்பிவிலிக் குடும்பங்கள். பணம் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்பது எனக்குத் தெரியும். பிள்ளையின் மனசு என்ன ஆகும் என்றால், மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து பார்த்ததை மட்டும் சொல்வேன். அதை மருத்துவமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்க வழக்கைப் பொறுத்தவரை, வெளியில் பதிவானதை ஒரு கணக்குக்காரன் கண்ணால் படித்தவன், அவ்வளவே.

கோல்மேன் 1968-இல், இல்லினாய் மாநிலத்தில் சயான் என்ற ஊரில் பிறந்தவர் (நம்ம சயான் இல்லை). ஒரு தம்பதி தத்தெடுத்து வளர்த்தார்கள். அப்பா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், அம்மா நர்ஸ். அதாவது மாதச் சம்பளக் குடும்பம். பையனுக்குச் சின்ன வயதிலேயே சிறுநீரக நோய். அந்த நோயும் அதற்குக் கொடுத்த மருந்துகளும் வளர்ச்சியைத் தடுத்துவிட்டன. பெரியவரான பிறகும் உயரம் 4 அடி 8 அங்குலம்தான். 1973-இலும் 1984-இலும் இரண்டு முறை சிறுநீரக மாற்று செய்தார்கள். இரண்டுமே நிலைக்கவில்லை. ஆகவே டயாலிசிஸ். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவரைப் பற்றிய ஜோக்குகளில் முக்கால்வாசி அந்த உயரத்தை வைத்துத்தான். சிரித்தவர்கள் சிரித்தது ஒரு நோயாளியின் மருந்துச் சீட்டைப் பார்த்து.

1978-இல் 'டிஃபரன்ட் ஸ்ட்ரோக்ஸ்' என்ற தொடர் தொடங்கியது. நியூயார்க்கின் ஹார்லெமைச் சேர்ந்த இரண்டு கறுப்பினச் சகோதரர்களை ஒரு பணக்கார வெள்ளைக்காரர் எடுத்து வளர்க்கும் கதை. அதில் தம்பி ஆர்னால்டு நம் கோல்மேன். அண்ணன் வில்லிஸைப் பார்த்துக் கன்னத்தை உப்பிக்கொண்டு, என்னடா உளறுகிறாய் என்கிற மாதிரி ஒரு வசனம் பேசுவார். அமெரிக்காவே அதைத் திருப்பிச் சொன்னது. தொடர் எட்டு வருடம் ஓடியது. ஆரம்பித்தபோது அவருக்கு வயது 10, முடிந்தபோது 18. திரையில் மட்டும் அந்த எட்டு வருடமும் ஒரே பையன். இதை நினைவில் வையுங்கள், திரும்ப வருவேன்.

இப்போது பணம். உச்சத்தில் ஒரு எபிசோடுக்கு ஒரு லட்சம் டாலர் வாங்கினார் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். இது பத்திரிகைகளில் வந்த எண். தினச் சம்பளத்தை இரண்டால் பெருக்கி வெளியில் சொல்லும் பழக்கத்தை நான் மும்பையிலேயே நிறையப் பார்த்திருப்பதால், இந்த மாதிரி எண்களை ஒரு சிட்டிகை உப்போடுதான் எடுத்துக்கொள்வேன். பெற்றோர், ஆலோசகர், வக்கீல், வரி எல்லாம் போக அவர் கையில் கால் பங்குதான் நின்றது என்பதும் அதே ரகம். நம்பக்கூடியதுதான், ஆனால் தணிக்கை செய்த எண் இல்லை. நிச்சயமாகச் சொல்லக்கூடியது நீதிமன்றத்தில் நடந்தது. 1989-இல், தன் 21-ஆவது வயதில், வளர்ப்புப் பெற்றோர் மீதும் முன்னாள் மேலாளர் மீதும் வழக்குப் போட்டார், என் டிரஸ்ட் பணத்தில் கை வைத்துவிட்டார்கள் என்று. 1993-இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது, 12.8 லட்சம் டாலர். ஆகவே, பெற்றோர் எடுத்தார்களா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: அவருடைய பணம் அவருக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை என்று நீதிமன்றமே ஏற்றது. வீடியோவில் சொல்கிற மாதிரி மொத்தக் கோடிகளையும் அவர்கள் சுருட்டினார்கள் என்பது அந்தத் தீர்ப்பில் இல்லை. 12.8 லட்சம் பெரிய தொகைதான், எட்டு வருட உச்சச் சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால் ஒரு பகுதி மட்டுமே.

மீதி எங்கே? 1999-இல் அவர் திவால் மனு போட்டார். அப்போது யார் மீது தவறு என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை நான் என் ஆபீசில் வரும் ஒவ்வொரு பெற்றோருக்கும் சொல்வேன். பழியை எல்லாருக்கும் பகிர்ந்து கொடுக்கலாம் என்றார். என்னிடம் தொடங்கி, கணக்காளர்கள், வளர்ப்புப் பெற்றோர், ஏஜென்டுகள், வக்கீல்கள் என்று போய், திரும்ப என்னிடமே வந்து முடியும் என்கிற மாதிரி ஒரு வரிசை. தொடக்கத்திலும் தன்னை வைத்தார், முடிவிலும் தன்னை வைத்தார். இரண்டாவது இடம் எங்கள் கணக்காளர் ஜாதிக்கு. பெற்றோருக்குக்கூட மூன்றாவது இடம்தான். முதல் தடவை அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை.

திருடன் என்று ஒருவன் வந்து எடுத்துப்போனால் கண்டுபிடித்துவிடலாம். பிள்ளை சம்பாத்தியத்தில் நடப்பது அது இல்லை. பிள்ளைக்கு மேலாளர் வேண்டும், வெளி ஆள் எதற்கு, அப்பாவே இருக்கட்டும். அப்பா வேலையை விட்டுவிட்டார், அவருக்கு ஒரு சம்பளம் வேண்டாமா? செட்டுக்குப் போக கார் வேண்டாமா? ஸ்டுடியோ பக்கத்தில் வீடு வேண்டாமா? ஒவ்வொரு செலவும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே இருக்கும், வவுச்சர்கூட இருக்கும். சில வருடம் கழித்துக் கூட்டிப் பார்த்தால், வீட்டில் எல்லாரும் அந்தப் பிள்ளையின் சம்பளப் பட்டியலில் இருப்பார்கள். சம்பளம் கொடுப்பவருக்கு வயது 11.

அமெரிக்காவில் இதற்கு முன்பே அடிபட்ட பிள்ளை ஒன்று உண்டு. 1921-இல் சாப்ளினோடு 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன். அவர் சிறு வயதில் சம்பாதித்தது முப்பது நாற்பது லட்சம் டாலர் இருக்கும் என்று மதிப்பு. அம்மா மீதும் மாற்றுத் தந்தை மீதும் வழக்குப் போட்டு, கடைசியில் கைக்கு வந்தது 1,26,000 டாலர். அந்த அவமானத்தில் 1939-இல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. கூகன் சட்டம் என்றே பெயர். அதில் ஓட்டைகள் இருந்தன. பிள்ளை சம்பாதிப்பது பிள்ளையின் சொத்து, அதில் 15 சதவீதத்தைத் தொடாமல் ஒதுக்கியே ஆக வேண்டும் என்று கறாராக ஆனது 2000-இல் திருத்தம் அமலுக்கு வந்த பிறகுதான். கோல்மேன் நடித்து முடித்து 14 வருடம் ஆகியிருந்தது.

சரி, செக்யூரிட்டி வேலை. உண்மைதான், பார்த்தார். 1998-இல் அந்த வேலைக்கான சாமான் வாங்கப் போன இடத்தில், ஆட்டோகிராஃப் கேட்ட ஒரு பெண்ணோடு வாக்குவாதம் முற்றிக் கையை ஓங்கி அடித்துவிட்டார். வழக்கு, அபராதம், உலகம் முழுக்கச் செய்தி. அடித்தது தப்பு, அதில் பேச ஒன்றுமில்லை. ஆனால் மக்கள் மனதில் நின்றது அந்த அடியைவிட யூனிஃபார்ம்தான். இதைத்தான் எனக்கு இன்றைக்கும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு மனிதர், முப்பது வயதில், உழைத்துச் சம்பளம் வாங்குகிறார். என் பில்டிங் வாட்ச்மேனை யாரும் வீழ்ந்தவர் என்று சொல்வதில்லை. கோல்மேனை மட்டும் ஏன் சொன்னோம்? அவர் அதற்கு முன் நம் வீட்டு ஹாலில் குழந்தையாக உட்கார்ந்திருந்ததால். அவருக்கு மாடல் ரயில் என்றால் உயிர். அந்த ஆசைக்காகவே ரயில் பொம்மைகள் விற்கும் கடைகளில் பகுதி நேரம் வேலை பார்த்திருக்கிறார். என்னைக் கேட்டால், அவர் வாழ்க்கையில் இதுதான் அழகான பகுதி. எந்த வீடியோவிலும் இது வராது. சோகமாக இல்லையே.

2003-இல் இன்னும் விநோதமாக ஒன்று நடந்தது. கலிஃபோர்னியா கவர்னரை இடையிலேயே பதவி நீக்கும் தேர்தலில் 135 பேர் நின்றார்கள். ஒரு வாரப் பத்திரிகை கேலிக்காக கோல்மேனை நிறுத்தியது. ஜெயித்தது ஆர்னால்டு ஷ்வார்ஸ்நெக்கர். நம் பழைய ஆர்னால்டு எட்டாவது இடம், 14,242 ஓட்டு. அதே வருடம் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் 'அவென்யூ கியூ' என்ற இசை நாடகம் வந்தது. அதில் ஒரு பாத்திரத்தின் பெயரே கேரி கோல்மேன். ஒரு கட்டடத்தைப் பராமரிக்கும் முன்னாள் குழந்தை நட்சத்திரம். மனிதர் உயிரோடு இருக்கிறார், 35 வயது. அவரை இன்னொருவர் மேடையில் நடித்துக்கொண்டிருக்கிறார். சாதாரணப் பிரபலத்துக்கும் குழந்தைப் பிரபலத்துக்கும் இதுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன். இவர்களுடைய பெயரும் முகமும் இவர்களிடம் இருப்பதில்லை, பார்த்தவர்களிடம் போய்விடுகின்றன. கோல்மேனுக்கு இன்னொரு கொடுமை. மற்ற பிள்ளைகள் வளர்ந்தால் முகம் மாறும், தெருவில் ஆள் தெரியாது. இவருக்கு உடம்பும் மாறவில்லை, கடைசி வரை யாரும் அவரைப் பெரியவராகப் பார்க்கவில்லை. 2010 மே 28-ஆம் தேதி, யூட்டாவில், வீட்டில் விழுந்து தலையில் அடிபட்டு, மூளையருகே ரத்தம் கசிந்து இறந்தார். வயது 42.

நம் ஊரிலும் இந்த ஒட்டுதல் உண்டு. பெயருக்கு முன்னால் 'பேபி', 'மாஸ்டர்' என்று ஒட்டிவிடுவார்கள், ஒட்டினது உரியாது. குட்டி பத்மினி அறுபதுகளில் குழந்தையாக நடித்தார், பின்னால் சீரியல் தயாரிப்பாளர் ஆனார். தயாரிப்பாளராக வந்து உட்கார்ந்தபோதும் அவர் குட்டிதான். உங்களிடம் பேசிய கோஆர்டினேட்டர், அதாவது சீரியலுக்குப் பிள்ளைகளைப் பிடித்துத் தரும் ஆள், 'களத்தூர் கண்ணம்மா' கமல் பெயரையும் ஸ்ரீதேவி பெயரையும் நிச்சயம் சொல்லியிருப்பார். தமிழ்ப் பெற்றோர் என்று தெரிந்தால் உடனே அந்த இரண்டு பெயரும் வந்துவிடும். அவர்கள் விதிவிலக்கு என்பதால்தான் பெயர் சொல்ல முடிகிறது.

எல்லாருக்கும் இதுதான் கதியா என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும். இல்லை, இல்லவே இல்லை. எண்பதுகளின் கடைசியில் செம்பூர் காலனியில் எங்கள் வீட்டு டிவியைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து 'மால்குடி டேஸ்' பார்ப்போம். கதை எழுதிய ஆர். கே. நாராயண் நம்மவர், எல். வைத்தியநாதன் இசை, படம் பிடித்த அகும்பேயின் மழை. அதில் சுவாமியாக வந்த மாஸ்டர் மஞ்சுநாத், 1990-இல் 'அக்னிபத்' படத்தில் அமிதாப்பின் சிறு வயதுப் பாத்திரத்தையும் செய்தார். பிறகு நடிப்பை விட்டுவிட்டுப் படித்து, பெங்களூரில் மக்கள் தொடர்பு வேலைக்குப் போய்விட்டார். அதே மாதிரி, தொண்ணூறுகளில் நம் வீடுகளில் இந்தி டப்பிங்கில் ஓடிய 'ஸ்மால் வொண்டர்' ரோபோ பெண் நினைவிருக்கிறதா? அந்தப் பெண் டிஃபனி பிரிசெட் பின்னாளில் நர்ஸ் ஆனார். அதை வைத்து இங்கே எடுத்த 'கரிஷ்மா கா கரிஷ்மா' தொடரில் ரோபோவாக நடித்த ஜனக் சுக்லா தொல்லியல் படிக்கப் போனார். ஒரே பாத்திரம், இரண்டு நாடு, இரண்டு பேரும் நிம்மதியாக வேறு வேலைக்கு நகர்ந்துவிட்டார்கள். ஆனாலும் இவர்களைப் பற்றி வரும் கட்டுரைக்குத் தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: இப்போது என்ன செய்கிறார் தெரியுமா? ஏதோ தலைமறைவாக இருந்தவரைப் பிடித்துவிட்ட மாதிரி. பிள்ளைகள் பெரும்பாலும் நன்றாகத்தான் வளர்ந்துவிடுகிறார்கள். பார்த்த நமக்குத்தான் மனசு வருவதில்லை.

இனி உங்கள் வீட்டு விஷயம். நம் சட்டம் கோல்மேன் காலத்து அமெரிக்கச் சட்டத்தைவிட நன்றாகவே இருக்கிறது, காகிதத்தில். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-இல் திருத்தியபோது 14 வயதுக்குக் குறைந்தவர்கள் வேலை செய்யக்கூடாது என்றார்கள், சீரியல், சினிமா, விளம்பரத்தில் கலைஞராக நடிப்பதற்கு நிபந்தனையோடு விலக்கு. நிபந்தனைகள் 2017 விதிகளில் இருக்கின்றன. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணிக்கு மேல் கூடாது. தொடர்ச்சியாக 27 நாளைத் தாண்டக்கூடாது. தயாரிப்பாளர் மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் அனுமதி வாங்க வேண்டும். பள்ளிப் படிப்பு கெடாமல் ஏற்பாடு வேண்டும், பிள்ளைக்கு விருப்பமில்லாமல் நடிக்க வைக்கக்கூடாது. ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளராவது செட்டில் இருக்க வேண்டும். பணத்தைப் பொறுத்தவரை, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் பிள்ளையின் பெயரில் நேரடியாக ஃபிக்சட் டெபாசிட்டாகப் போக வேண்டும், மேஜரானதும் பிள்ளைக்கு. கலிஃபோர்னியாவைவிட ஐந்து சதவீதம் அதிகம், பெருமைப்படலாம். ஆனால் என்னிடம் வந்த குடும்பங்களில் அந்த டெபாசிட் ரசீதைத் தானாகக் கொண்டுவந்தவர்கள் குறைவு. கேட்டால், அப்படி ஒன்று இருக்கிறதா சார் என்பார்கள். அப்புறம், அந்த ஐந்து மணி நேரம் செட்டில் இருப்பதற்கு. முலுண்டிலிருந்து ஃபிலிம் சிட்டிக்குப் பீக் நேரத்தில் போய்வர ஆகும் இரண்டு மூன்று மணி நேரத்தை எந்த விதியும் கணக்கில் எடுக்காது. உங்கள் மகளின் முதுகு எடுக்கும்.

மீதி 80 சதவீதம் யாருடையது? இங்கேதான் நிறையப் பேர் தவறாக நினைக்கிறார்கள். அதுவும் பிள்ளையுடையதுதான். மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று 1903-லேயே அன்றைய உச்ச நீதிமன்றமான பிரிவி கவுன்சில் தீர்ப்பு இருப்பதால் கையெழுத்து நீங்கள் போடுவீர்கள், அதனால் பணம் உங்களுடையது ஆகிவிடாது. இயற்கைக் காப்பாளராகப் பிள்ளையின் நன்மைக்கு அதைச் செலவு செய்யலாம். அதன் ஸ்கூல் ஃபீஸ், மருத்துவம், நியாயமான செலவு. வரிச் சட்டமும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. சாதாரணமாக மைனரின் வருமானத்தை அப்பா அம்மாவில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேர்ப்பார்கள். ஆனால் பிள்ளை தன் உழைப்பாலும் திறமையாலும் சம்பாதித்தால் சேர்க்க முடியாது. 1961 வருமான வரிச் சட்டத்தில் இது 64(1ஏ), எங்களுக்கு மனப்பாடம். உங்கள் ஏழு வயது மகளுக்குத் தனி பான், தனி ரிட்டர்ன், காப்பாளராக உங்கள் கையெழுத்து. வேடிக்கை என்னவென்றால், அதே பணத்தை டெபாசிட்டில் போட்டு வட்டி வந்தால், அந்த வட்டி உங்கள் வருமானத்தோடு சேரும். உழைத்தது அவள், பணம் சும்மா உட்கார்ந்து ஈட்டியது உங்களுக்கு. பத்து வயதுக்குள் இருப்பதால் சுகன்யா சம்ரித்தி கணக்கில் வருடம் ஒன்றரை லட்சம் வரை போடலாம், அதன் வட்டிக்கு வரி இல்லை. டிடிஎஸ் பிடித்ததை ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்குங்கள், விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, டிவி உலகத்தில் வேலை செய்த பணம் 90 நாள் கழித்துத்தான் வரும். முதல் மூன்று மாதம் ஆட்டோ, டிரஸ், கோஆர்டினேட்டர் கமிஷன் எல்லாம் கையிலிருந்து போகும். அந்த மூன்று மாதத்தில் கடன் வாங்கும் குடும்பம் அதிலிருந்து மீளுவது கஷ்டம்.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றித்தான். அப்பா ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவு, அம்மா வீட்டில். பெண்ணுக்கு எட்டு வயதில் ஒரு புராண சீரியலில் வாய்ப்பு வந்தது. நன்றாக நடித்தாள், தினச் சம்பளம் இரண்டு முறை ஏறியது. செட்டுக்கு யார் கூடப் போவது என்ற பிரச்சினையில் அப்பா வேலையை விட்டார். அதற்கு ஆறு மாதம் முன்புதான் அவர் சம்பளத்தைக் காட்டி வீட்டுக் கடன் வாங்கியிருந்தார்கள். ரிட்டர்ன் போடும்போது எனக்கு இது கண்ணில் பட்டது. மாதத் தவணை எங்கிருந்து போகிறது என்று பாஸ்புக்கே சொன்னது. நான் ஒன்றும் கேட்கவில்லை. ரிட்டர்ன் சரியாக இருந்தது, என் வேலை முடிந்தது, குடும்ப விஷயத்தில் மூக்கை நுழைக்க நான் யார் என்று இருந்துவிட்டேன். கோல்மேன் பட்டியலில் கணக்காளர்கள் ஏன் இரண்டாவது என்று இப்போது புரிகிறதா? டிஆர்பி இறங்கி, சில வார அவகாசத்தில் சீரியலை நிறுத்தினார்கள். அடுத்த வாய்ப்பு வரவில்லை. பத்து பதினொரு வயதில் பிள்ளைகள் திடீரென்று உயர்ந்துவிடுவார்கள், குழந்தை வேஷமும் இல்லை, குமரி வேஷமும் இல்லை. அப்பாவுக்குப் பழைய சம்பளத்தில் வேலை கிடைக்கவில்லை. வீட்டை விற்றுவிட்டு டோம்பிவிலிக்கு அப்பால் வாடகைக்குப் போனார்கள்.

அந்தப் பெண் பத்தொன்பது வயதில் என் ஆபீசுக்குத் தனியாக வந்தாள். பழைய ஃபைல் இருக்கிறதா அங்கிள், நான் எவ்வளவு சம்பாதித்தேன் என்று பார்க்க வேண்டும் என்றாள். வருடவாரியாக எடுத்துக் காட்டினேன். சண்டைக்குத் தயாராகிறாள், வக்கீல் யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்தேன். அவள் எல்லாத் தாளையும் பார்த்துவிட்டுக் கேட்டது வேறு. "அப்பா வேலையை விட்டது என்னாலயா, இல்லை அவரே முன்னாடியே விடறதா இருந்தாரா? தேதி எதுலயாவது இருக்குமா?" அவள் கணக்குப் பார்த்தது பணத்துக்கு இல்லை. பத்து வருடமாகத் தன்மேல் ஒரு கடனைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். அவளுக்குக் காபி வரவழைத்தேன். தேதி இருந்தது. சொல்லவில்லை.

அதனால்தான் கோல்மேனின் பெற்றோரை நான் உங்கள் அளவுக்குக் கோபத்தோடு பார்ப்பதில்லை. தீர்ப்பு தீர்ப்புதான். ஆனால் அந்த இடத்துக்குப் போகும் பாதை எவ்வளவு சாதாரணமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர், நர்ஸ், நீங்கள், நான், எல்லாரும் நடந்துவிடக்கூடிய பாதை.

நடிக்க விடலாமா என்றால், விடலாம், அவளுக்குப் பிடித்திருந்தால். பிடித்திருக்கிறதா என்பதை ஆடிஷன் அன்று கேட்காதீர்கள், அன்று எல்லாப் பிள்ளையும் துள்ளும். இரண்டாவது வாரம், காலை ஐந்தரைக்கு எழுப்பும்போது முகத்தைப் பாருங்கள். முகம் சுளித்தால் நிறுத்த ஒப்பந்தத்தில் வழி இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே படித்துவிடுங்கள். நோட்டீஸ் காலம், நிறுத்தினால் நஷ்டஈடு எவ்வளவு என்ற பத்தி கடைசிப் பக்கத்தில் இருக்கும். செட்டில் அவளை எல்லாரும் பாத்திரத்தின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள், விளையாட்டுக்குக்கூட. ரீல்ஸ் கணக்கு இப்போது வேண்டாம். அவள் தூக்கத்திலும் பேச்சிலும் மாறுதல் தெரிந்தால் என்னிடம் வராமல் குழந்தை மனநல மருத்துவரிடம் போங்கள்.

பணத்தில், அவள் சம்பளம் வரும் கணக்கும் வீட்டுச் செலவுக் கணக்கும் வேறு வேறு வங்கியில் இருக்கட்டும். ஒரே ஆப்பில் இரண்டும் தெரிந்தால் கை தானாகப் போகும். 20 சதவீத டெபாசிட் ரசீதை முதல் பேமென்ட் வந்ததும் கேளுங்கள். கோஆர்டினேட்டர், அதெல்லாம் யார் கேட்கிறார்கள் மேடம் என்பார். நான் கேட்கிறேன் என்று சொல்லுங்கள். முடிந்தால் 80-ஐயும் தொடாதீர்கள். உங்கள் வீட்டில் யார் வேலையையும் விட வேண்டாம். ஊரிலிருந்து பாட்டியோ அத்தையோ ஆறு மாதம் வந்து இருக்க முடியுமா என்று கேளுங்கள், சீரியல் செட்டில் ஏசியில் உட்கார எந்தப் பாட்டியும் மறுத்து நான் பார்த்ததில்லை. பான் விண்ணப்பத்துக்கு மகளின் பிறப்புச் சான்றிதழும், காப்பாளர் என்ற முறையில் உங்கள் ஆதாரும் வேண்டும். அதை மட்டும் ஆடிஷன் முடிவுக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே போட்டுவிடுங்கள். பான் இல்லாவிட்டால் டிடிஎஸ் இருபது சதவீதம் பிடிப்பார்கள்.